பெயர் அதே, ஊர் வேற

பத்தாங் பெர்ஜுந்தையைப் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். லினக்ஸில் 'பைத்தான்' இதற்கு நேர் எதிர்: பெயர் அதே, ஊர் வேற. பாட்டியின் தாலாட்டுகளில் எழுத்தெண்ண, தம்பி பைத்தான் 2-இல் எழுதிய நிரல் புது உபுண்டுவில் ஓடவில்லை. 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது.

"அண்ணே, பழசையே டிஃபால்ட்டா வச்சிடட்டா?"

"சிஸ்டத்துல கை வைக்காதடா. அதோட சொந்தக் கருவிகளே 3-ஐ நம்பித்தான் இருக்கு."

நிரலை மட்டும் 3-க்கு மாற்றினோம். 'தமிழ்' 2-இல் 15: அது பைட்டை எண்ணியது. 3-இல் 5: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. பாட்டிக்கோ மூணெழுத்து. குறியையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணவைத்தோம். ஆக நீளமானது என்று தம்பி சொல்லிவந்த வரி இப்போது இரண்டாவது.