சைக்கிளும் கணவாய்க் காற்றும்

"ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர் விடுமுறை நாளில் ரயிலை விட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு அலைவானேன்?" என்று சங்க நண்பர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடையாகவே இதை எழுதத் துணிந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். சொல்லில் பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் குடியிருப்பது சித்தூருக்கு அருகே ஒரு சிற்றூர். என் தந்தையார் இளமையில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இருப்புப்பாதை வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் பூர்வீக ஊர் கோபாலபுரம் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர், அவ்வளவே. சிறுவனாயிருந்தபோது பாலக்காடு - பொள்ளாச்சி ரயிலில் அப்பத்தாவைப் பார்க்கப் போவோம். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக அந்த வண்டிகள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியது 2015-இல்தான். இடைப்பட்ட ஏழாண்டுகளில்தான் நான் சைக்கிளுக்குப் பழகினேன்.

இப்பகுதியில் சைக்கிள் மிதிப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது சாலையன்று, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் நிற்க, பாலக்காட்டில் மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயில் திறந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயிலில் நுழைந்து கிழக்கு நோக்கிப் பாய்கிறது. கார்த்திகை பிறந்தால் நிலைமை தலைகீழ். கொங்குச் சமவெளியிலிருந்து வறண்ட கிழக்குக் காற்று புறப்பட்டு, மாசி வரையிலும் நம் பனைமரங்களைச் சலசலக்க வைக்கிறது. கியர் இல்லாத சாதாரண வண்டிக்கு இந்தக் காற்றே ஏற்றம், இதுவே இறக்கம்.

ஆகவே நான் வழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதி வைத்திருக்கிறேன். கால் புதிதாக இருக்கும் காலை வேளையில் எதிர்க்காற்று. களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று. இவ்விதியின்படி எனக்கு மூன்று வழிகள் உண்டு.

ஆடி, ஆவணியில் மேற்கே செல்வேன். சித்தூரிலிருந்து பாலக்காடு நகரைக் கடந்து மலம்புழை அணைவரை ஒரு வழி. அந்த அணையை 1955-இல் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். அடுத்த ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்தது. சித்தூரோ அதற்கு முன் கொச்சி இராச்சியத்தின் தாலுகாவாக இருந்தது. ஒரு காலைப் பொழுதில் நான் மிதித்துக் கடக்கும் தூரத்துக்குள் எத்தனை எல்லைகள் இருந்து அழிந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இரண்டாவது வழி தெற்கே. தத்தமங்கலம், புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை என்று போகும். காற்று விலாப்புறத்தில் அடிக்கும். எனவே எந்த மாதமும் போகலாம். மழைக்காலத்தில் கொல்லங்கோட்டு வயல்வெளியில் நின்றால், நெல்லியாம்பதி மலையில் சீதார்குண்டு அருவி வெள்ளை நூலாக இறங்குவது தெரியும். மார்கழியில் முதலமடைத் தோப்புகளில் மாம்பூ மணக்கும். நாட்டின் மற்ற இடங்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே இவ்வூர்ப் பழம் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். முதலமடை ரயில் நிலையத்து ஆலமர நிழலில் அரை மணி நேரம் இளைப்பாறாமல் நான் திரும்பியதில்லை.

மூன்றாவது வழி கிழக்கே. நாட்டுக்கல், வண்ணாமடை, கோபாலபுரம் என்று சொந்த ஊருக்குப் போகும் வழி. வயல்கள் குறைந்து தென்னையும் பனையும் கரிசல் மண்ணும் பெருகும். மழை குறைந்த நிலம் இது. ஆளியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வரும் தண்ணீரையே சித்தூர் உழவர்கள் நம்பியிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாயிற்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேநீர்க் கடையில் இறங்கினால் தமிழே கேட்கும். சாலை கிழக்கே போகப் போகக் கண்ணுக்குத் தெரியாமல் உயர்கிறது; கால் மட்டும் அதை அறியும்.

என் விதிப்படி கிழக்கு வழிக்கு உரிய காலம் மார்கழியும் தையும். ஆனால் அப்பத்தா இருந்தவரையில் அவ்விதியை அடிக்கடி மீறினேன். ஆடி மாதத்தில் பின்காற்று தள்ள, ஒன்றரை மணி நேரத்தில் அவள் வாசலில் நிற்பேன். "வந்துட்டியா கண்ணு" என்பாள், உடனே, "காத்து எப்பிடி?" என்பாள். திரும்பும்போது எதிர்க்காற்றில் மூன்று மணி நேரம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே பகல் சாப்பாட்டை முன்கூட்டியே போட்டு, "பொழுதோட கெளம்பு" என்று விரட்டுவாள். எனக்கென்று ஒரு கைப்பம்பை வாங்கி இறவாணத்தில் மாட்டி வைத்திருந்தாள். டயரை அவளே அழுத்திப் பார்த்த பிறகுதான் விடை தருவாள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. மே மாதத்தில் ஒரு விடியற்காலை, அப்பத்தா காலமானாள் என்று சித்தப்பா தொலைபேசியில் சொன்னார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் என் தந்தையார். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன் நான். அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தோம்; உரிய நேரத்தில் வரவில்லை. இருந்தும் நான் சைக்கிளில் எல்லைவரை போனேன். நூறு முறை நிற்காமல் கடந்த இடத்தில் தடுப்பு வைத்திருந்தார்கள். அங்கே நின்றவர்கள் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. தம் கடமையைச் செய்தார்கள். தடுப்புக்கு அப்பால் அதே சாலை, அதே பனைமரங்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். சித்தப்பா கொள்ளி வைத்ததைத் தந்தையார் கைப்பேசித் திரையில் பார்த்தார். அதன் பிறகு சில மாதங்கள் அவர் அதிகம் பேசவில்லை.

வழி திறந்த பின், 2021 தை மாதம், ஒரு நாள் காலை நான் வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தந்தையார் வந்து நின்று, தம் பழைய வண்டியையும் பார்க்கச் சொன்னார். அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. "பஸ்ஸிலே போகலாமே அப்பா, கிழக்குக் காத்து எதுக்க அடிக்குதே" என்றேன். "அடிக்கட்டும் தம்பி. அம்மாவுக்கு வேற என்ன செஞ்சேன் நான்?" என்றார். மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் முன்னே போய்க் காற்றைத் தாங்கினேன். அவர் என் பின்சக்கரத்தை ஒட்டி வந்தார். நாட்டுக்கல்லில் ஒரு முறை, வண்ணாமடையில் ஒரு முறை, எல்லையருகே ஒரு முறை இறங்கினோம். தடுப்பு இருந்த இடத்தை அவருக்குக் காட்டினேன். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் ஏறி மிதித்தார். ஊர் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. வீட்டில் எல்லாம் மாறியிருந்தன; இறவாணத்தில் கைப்பம்பு மட்டும் அப்படியே தொங்கிற்று. தந்தையார் அதை எடுத்து இரு வண்டிகளுக்கும் காற்று அடித்தார். டயரில் காற்று குறைந்திருக்கவில்லை. ஆயினும் நான் தடுக்கவில்லை. மாலையில் திரும்பும்போது காற்று எங்களை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தது. அன்று முதல் தந்தையார் பழையபடி பேசலானார்.

நண்பர்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்த குடும்பத்துக்குச் சொந்த ஊர் என்பது ஒரு வீடு மட்டுமன்று. அதற்குப் போகும் வழியுமாகும். ரயில் நிற்கலாம், எல்லை மூடலாம், நம்மை எதிர்பார்த்திருந்தவர் மறையலாம். வழியை உடம்பு அறிந்திருந்தால் உறவு முறியாது. குமுளியிலும் போடிமெட்டிலும் வாழும் நம்மவர்க்கு மலைச்சாலை சைக்கிளுக்கு இசையாமல் இருக்கலாம். அவர்கள் பேருந்திலோ ஜீப்பிலோ போகட்டும். ஆனால் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, வழியிலுள்ள ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கட்டும்.

என் மகளுக்குப் பத்து வயது. இப்போது நாட்டுக்கல்வரை என்னுடன் மிதித்து வருகிறாள். ஞாயிறு காலையில் கண் விழித்ததும் வாசலுக்கு ஓடி, தென்னங்கீற்று எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்து வந்து சொல்கிறாள். அடுத்த தைக்குள் கோபாலபுரம் தாண்டிவிடுவாள் என்பது என் நம்பிக்கை.