கட்டத்துக்குள் ஒரு பொன்மொழி
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பொன்மொழிகளுக்குப் பஞ்சமே இல்லாத நாடு நம்முடையது. அரசுப் பேருந்தில் ஏறினால் ஒரு குறள் நம்மை வரவேற்கிறது. பள்ளிச் சுவர், நூலக வாசல், தேநீர்க் கடை, ஆட்டோவின் முதுகு என்று எங்கு திரும்பினாலும் ஓர் அறிவுரை காத்து நிற்கிறது. இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. பொழுது விடியுமுன்பே ரோஜாப்பூவும் நீர்வீழ்ச்சியும் வந்து விழுகின்றன. அவற்றின் மேல் நான்கு வண்ணங்களில் ஒரு வாசகம். அதன் கீழ் ஒரு பெரியவரின் பெயர். அவர் அதைச் சொன்னாரா என்று கேட்பாரில்லை. நேற்றுப் படித்த பொன்மொழி ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

குறை மொழியில் மட்டும் இல்லை. அதைத் தாளில் வைக்கும் முறையிலும் இருக்கிறது என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு எங்கள் துறையின் அறிவிப்புப் பலகைக்கு வாரம் ஒரு பொன்மொழி தயாரிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அதற்காகத் தேடிப் படித்தபோதுதான், ஐரோப்பியர் சிலர் எழுத்தைத் தாளில் வைப்பதையே ஓர் அறிவியலாகப் பயின்றிருப்பதை அறிந்து வியந்தேன்.

1928-இல் ஜெர்மனியில் யான் சிக்கோல்ட் என்பவர் புதிய அச்சுக்கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. பூவேலைப்பாடு வேண்டாம், எல்லா வரிகளையும் நடுவில் நிறுத்தும் பழக்கம் வேண்டாம், எது முக்கியமோ அது முதலில் கண்ணில் படட்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கொள்கை சுவிட்சர்லாந்தில் செழித்தது. யோசப் முல்லர்-புரோக்மன் 1950-களில் சூரிச் நகர இசை அரங்கிற்குச் சுவரொட்டிகள் செய்தார். தாளைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் அக்கட்டங்களுக்குக் கட்டுப்படுத்தி வைக்கும் இந்த முறையை 1981-இல் ஒரு நூலாகவே எழுதினார். இன்று உலகெங்கும் காணும் ஹெல்வெட்டிகா எழுத்துரு 1957-இல் அந்நாட்டில் பிறந்ததுதான்.

பொன்மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அட்டைப்பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்று, கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, 1950 முதல் 1975 வரை விநோதமான ஒரு விளம்பரத் தொடரை நடத்தியது. பெட்டியின் பெருமை அதில் இல்லை. சிந்தனையாளர் ஒருவரின் வாசகம், அதற்குச் சிறந்த ஓவியர் அல்லது வடிவமைப்பாளர் ஒருவர் தந்த உருவம், அவ்வளவே. பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹெர்பர்ட் பேயர் அத்தொடருக்குப் பெரிதும் உழைத்தவர்.

இவற்றைப் படித்த சூட்டில் நானும் கட்டம் போட்டேன். எங்கள் ஆய்வக கிராஃப் தாள் இருக்கவே இருக்கிறது! ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர், உயரம் 420. இரு பக்கமும் 24 மில்லிமீட்டர் விட்டேன். மேலே 20, கீழே 23. மீதியை அகலத்தில் 4, உயரத்தில் 6 என்று பிரித்து, கட்டங்களுக்கு இடையே 7 மில்லிமீட்டர் சந்து வைத்தால், சரியாக 57 மில்லிமீட்டர் சதுரங்கள் 24 கிடைக்கின்றன. விடை முழு எண்ணாக வந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி, கணக்குப் படித்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் சுவிஸ் சட்டையைத் தமிழுக்கு அப்படியே மாட்டிவிட முடியாது. நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் கொக்கியும் உண்டு. கீழே உகர ஊகார வளைவுகள் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் இடித்துக்கொள்கின்றன. ஆகவே எழுத்து 48 பாயிண்ட் என்றால் வரிக்கு வரி 72 பாயிண்ட் விட்டேன். நம் சொற்களும் நீளமானவை. ‘முன்னேறிக்கொண்டிருப்பவர்களுக்கு’ என்ற ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும். இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். இடப்பக்கம் நேராக நிற்கட்டும், வலப்பக்கம் அதனதன் நீளத்தில் முடியட்டும் என்பதே தமிழுக்குப் பொருந்துகிறது.

இந்தக் கட்டங்களை அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நடவு வேலைக்குச் செல்பவர். “இது நாங்க கயிறு பிடிச்சு நடுறதுதானே?” என்றார். திருந்திய நெல் சாகுபடியில் இளநாற்றை ஒற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுவார்கள். வெறும் சேறாகத் தெரியும் அந்த இடைவெளியில்தான் வேர் ஓடுகிறது, தூர் வெடிக்கிறது. “நாத்துக்கு எடம் விட்டு வை. நிமிர்றது அது வேலை” என்றார். அந்த வாரம் எந்த அறிஞரையும் நான் தேடவில்லை. பலகையில் ஏறியது இதுதான்:

நாற்றுக்கு
இடம் விடு;
நிமிர்வது
அதன் வேலை.

நான்கு வரிகளும் இடப்பக்கத்து இரண்டு பத்திகளில் நின்றன. வலப்பக்கம் முழுவதும் வெறும் வெள்ளை. ‘தாள் வீணாகிறதே’ என்றனர் சிலர். ஆனால் நடந்துகொண்டே படித்துவிட்டுப் போனவர்களும் அவர்களே.

இத்தாளை முதலில் படித்துப் பார்த்தவர் எங்கள் அப்பாயி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர் அவர். இன்றும் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். ஒரு சொல் வரியின் ஓரத்தில் முறிந்தால், அடுத்த வரிக்கு விரல் வருவதற்குள் பொருள் நழுவிவிடும். பொருள் நிற்கும் இடத்தில் வரியும் நின்றதால், நான்கு வரியையும் தடுமாறாமல் படித்துவிட்டு, “நம்ம வூட்டுப் பேச்சால்ல இருக்கு” என்றார். கட்டம் என்பது அழகுக்கு மட்டும் அன்று. மெதுவாகப் படிப்பவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகும் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஒழுங்கு ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை. 1933-இல் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, பின் சுவிட்சர்லாந்தில் குடியேறிய சிக்கோல்டே பிற்காலத்தில் தம் பழைய பிடிவாதத்தைக் கண்டித்தார்; வளையாத அந்த விதிகளில் சர்வாதிகாரத்தின் சாயலைக் கண்டார். படிப்பவரை மறந்துவிட்டால் கட்டமும் ஒரு கூண்டே அன்றோ!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னைப் போலவே குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த வகுப்புத் தோழன் ஒருவன் முதலாண்டிலேயே படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிட்டான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்ற தாள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட பல தாள்களுக்கடியில் இருந்தது. அதை அவன் பார்த்திருந்தால் தங்கியிருப்பானா என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால், ‘முயன்றால் முடியும்’ என்று பெரிய எழுத்திலும், முயல வேண்டிய தேதியைப் பொடி எழுத்திலும் போடுவது எந்த வகையில் ஊக்கமாகும்?

அதன்பின் 24-ஆம் கட்டத்தைப் பொன்மொழிக்குத் தருவதில்லை. வலப்பக்கக் கீழ்மூலையில் உள்ள அந்த 57 மில்லிமீட்டர் சதுரம் வாரந்தோறும் ஒரு செய்திக்கு உரியது: உதவித்தொகைத் தேதி, தேர்வுக் கட்டணத் தேதி, எந்த அறையில் யாரைக் காண வேண்டும் என்ற குறிப்பு. மாணவர்கள் அந்த மூலையை முதலில் பார்த்துவிட்டுத்தான் மேலே பார்க்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாக, அலுவலர்களாகப் பலகைகளுக்குப் பொறுப்பேற்போம். எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இதை விரல் வைத்துப் படிக்கப்போகிறவர் யார்? அவருக்கு இடம் விட்டு எழுதுவோம். ஊக்கமூட்டும் சொல்லோடு, போக வேண்டிய வழியையும் அதே தெளிவோடு எழுதுவோம்.