கரண்ட் போனாலும் கலையாத வரிசை

எங்கட ஊர்ப் பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் பண்ணி, தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் வேலையொன்றில் இருக்கிறோம். நாலு பேர், நாலு பேரும் கலைப்பீடம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்க வீடுகளில் மிஞ்சிய பிரதிகள் கொஞ்சம்தான். சிலதில் இன்னும் தண்ணிக்கறை. கிடைத்ததில் ஒரு பக்கம்கூட விடுபடக் கூடாது.

படத்திலிருந்து எழுத்தை வாசிக்கிறது டெசராக்ட். பைதனில் சின்னத் தளமொன்று. அறுபது பக்கத்தை ஏற்றினவர், அத்தனையும் வாசிச்சு முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. பக்கங்களை வரிசையில் போட்டுவிட்டால், பின்னால் இன்னொரு நிரல் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். அந்த வரிசையை எதனிடம் ஒப்படைக்கிறது?

எது வேகம் என்றுதான் எல்லாரும் ஒப்பிடுறாங்க. எங்களுக்கு வேகம் பிரச்சினையில்ல, கரண்ட்தான். வேலை ஓடுவது பட்டரி செத்த லெப்டொப்பில். ரெடிஸ் வரிசையை நினைவகத்தில் வைத்து, அப்பப்பதான் வட்டில் எழுதும். இடையில் கரண்ட் போனால் கடைசியாக வந்தவை போகலாம். அமைப்பை மாற்றினால் அந்த இழப்பு ஒரு செக்கன் அளவுக்குக் குறையும். ராபிட்எம்கியூவில் வரிசையையும் செய்தியையும் நிலையானவை என்று குறித்துவிட்டால் வட்டில் இருக்கும்.

அதைவிடப் பெரிய விசயமொன்று. 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவங்களுக்கு உடனே விளங்கும்: பெயரை வெட்டிப்போட்டு எண்ணெய் ஊத்துறதா, ஊத்திப்போட்டு வெட்டுறதா? பைதன்காரர் அதிகம் பாவிக்கும் செலரி, சொல்லாவிட்டால் முதலில் வெட்டிவிடும். ஊத்துமுன் கரண்ட் போனால் அந்த ஆளுக்கு எண்ணெயும் இல்ல, பட்டியலில் பெயரும் இல்ல. தாமத ஒப்புகை என்ற ஒரு வரி அமைப்பைப் போட்டால் வேலை முடிந்த பிறகே வெட்டும்.

ராபிட்எம்கியூவும் செலரியும் என்று முடிவெடுத்தோம். நாலு பேருக்கு இது கொஞ்சம் பாரமான ஏற்பாடுதான்; சங்கத்துக் கூட்ட அறிவித்தல் மின்னஞ்சல் அனுப்ப என்றால் ரெடிஸும் ஆர்கியூவும் தாராளம், அறிவித்தல் போகாட்டி மறுகா அனுப்பலாம். விடுபட்ட பக்கம் அப்படியில்ல, விடுபட்டதென்றே யாருக்கும் தெரியவராது.

பின்னால் வெட்டுறதில் ஒரு சிக்கல்: முடிக்கிற தறுவாயில் கரண்ட் போனால் அதே பக்கம் திரும்பவும் வரும். அதனால் சஞ்சிகைப் பெயர், இதழ், பக்க எண் மூன்றையும் சேர்த்தே கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். இரண்டாந்தரம் வாசித்தால் பழையதின் மேலேயே எழுதிக்கொள்ளும்.