எக்ஸ்ட்ராவில் வைக்கப்பட்டவை

இயங்குதளத்தைக் கணினியில் நிறுவுகிறவர்களுக்கு அது ஒரே பொருளாகத் தெரியும். லினக்ஸில் அது அப்படியல்ல. எழுத்துருக்கள், உலாவி, அச்சுப்பொறியை இயக்கும் நிரல், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் என்று ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் தனித்தனிப் பொதிகளாகக் கட்டப்பட்டு ஒரு கிடங்கில் இருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாக ஒருவர் இருப்பார். புதிய பதிப்பு வந்தால் மாற்றுவதும், பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அடைப்பதும் அவர் வேலை. ஃபெடோரா என்ற கட்டற்ற இயங்குதளத்துக்காக 2010லிருந்து நானும் சில பொதிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம் முடிந்து, சமையல் முடிந்து, இரவில் செய்யும் வேலை. சம்பளம் கிடையாது.

நான் சேர்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் அந்தக் கிடங்கை எப்படி அடுக்குவது என்ற பெரிய விவாதம் முடிந்திருந்தது. பழைய ஆட்கள் அதைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கள் வீட்டுக் கணக்கைக் கேட்பது போலவே இருந்தது.

2003ல் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் ஃபெடோரா தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் கிடங்கு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றின் பெயர் கோர், அதாவது மையம். மற்றது எக்ஸ்ட்ராஸ். கோர் பொதிகளில் கை வைக்க அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மட்டுமே உரிமை. அவை நிறுவனத்துக்குள்ளேயே இருந்த கணினிகளில் கட்டப்பட்டன. எக்ஸ்ட்ராஸ் பெரும்பாலும் தன்னார்வலர்களின் இடம். எக்ஸ்ட்ராஸில் உள்ள பொதி கோரைச் சார்ந்திருக்கலாம்; கோரில் உள்ள பொதி எக்ஸ்ட்ராஸைச் சார்ந்திருக்கக் கூடாது. நிறுவல் வட்டில் கோர் மட்டும் இருக்கும். கோரில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த தன்னார்வலருக்கு, திருத்தும் வழி தெரிந்தாலும், புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் அம்மா வீட்டில் தையல் வேலை செய்தார். பிளவுஸ் தைப்பார், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பார். அப்பாவின் சம்பளத்துக்கு எங்கள் வீட்டில் பெயர் வருமானம். அம்மாவின் பணத்துக்குப் பெயர் எக்ஸ்ட்ரா. எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியதும், மாதக் கடைசியில் அரிசி வாங்கியதும் அந்த எக்ஸ்ட்ராவில்தான். ஆனால் எந்த ஊரில் மனை வாங்குவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்ற பேச்சு வரும்போது, சம்பாதிக்கிறவர் முடிவெடுப்பார் என்பார்கள். அந்தச் சொல்லில் அம்மா சேர்த்தியில்லை. பெயர் வைப்பது வெறும் பெயர் வைப்பதோடு நிற்பதில்லை என்பதை நான் முதலில் கற்றது அங்கேதான்.

கோர் தனியாகவே இருக்கட்டும் என்று வாதிட்டவர்களிடமும் காரணம் இருந்தது. கணினி எழும்புவதற்கே தேவையான நிரல்களில் தவறு நேர்ந்தால் எல்லோருடைய கணினியும் விழும். அவசரத் திருத்தம் வேண்டுமென்றால், பொறுப்பான ஒருவரை எழுப்பி வேலை வாங்க முடிய வேண்டும். விருப்பப்பட்டு வேலை செய்கிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோடு, எது உடைந்தால் ஆபத்து என்பதைப் பார்த்துப் போடப்பட்டதல்ல. யாருக்குச் சம்பளம் என்பதைப் பார்த்துப் போடப்பட்டது. கணினி எழும்புவதற்குத் தேவையே இல்லாத எத்தனையோ நிரல்கள் கோரில் இருந்தன.

2007 மே 31 அன்று ஃபெடோரா 7 வெளியானது. அதற்கு முந்தைய பதிப்பின் பெயர் ஃபெடோரா கோர் 6. கோர் என்ற சொல் பெயரிலிருந்தே போய்விட்டது. இரண்டு அடுக்குகளும் ஒன்றாயின. பொதிகளைக் கட்டும் இடமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியே வந்தது. ஊழியர் கட்டியதையும் தன்னார்வலர் கட்டியதையும் ஒரே வட்டில் சேர்த்துத் தர முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. எக்ஸ்ட்ராஸில் ஒரு புதிய பொதி நுழைய வேண்டுமானால், வேறொருவர் அதை வரிவரியாகச் சோதிக்க வேண்டும். உரிமம் சரியா, மூலநிரல் அசல்தானா, சுத்தமான சூழலில் கட்ட முடிகிறதா, கோப்புகள் அதனதன் இடத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பார்கள். முதல் முறை வருகிறவருக்கு அனுபவமுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கோரில் இருந்த பொதிகள் இந்தச் சோதனையைச் சந்தித்ததில்லை. இணைப்பின்போது, அவையும் அதே சோதனைக்கு வர வேண்டும் என்று முடிவானது. வெளியே நிற்க வைக்கப்பட்டவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட ஒழுங்கு, வீடு முழுவதற்கும் ஒழுங்கானது.

ஆனால் அந்தச் சோதனையைச் செய்வதற்கு யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. ஒவ்வொரு கோர் பொதிக்கும் ஒரு பதிவு திறந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நான் வந்தபோதும் அவற்றில் பல திறந்தே கிடந்தன. நிரல்தான் ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம் என்ற நிலை. சோதிப்பது புதிதாக எதையும் காட்டாத வேலை. சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. தன்னார்வலர்கள் தங்களுக்குள், “என்னுடையதை நீ பார், உன்னுடையதை நான் பார்க்கிறேன்” என்று மாற்றிக்கொண்டுதான் இந்த வேலையை ஓட்டுகிறோம்.

இந்த வேலைக்கு அலுவலகத்திலும் இதே நிலைதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, அடுத்தவர் நிரலைச் சரிபார்ப்பது, ஆவணம் எழுதுவது எல்லாம் என்மீதும் இன்னும் இரண்டு பெண்கள்மீதும் விழுந்தன. ஆண்டு மதிப்பீட்டில் அவை “கூடுதல் பங்களிப்பு” என்ற கட்டத்துக்குள் போயின. அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. எல்லோரும் ஒரே அணி என்று அங்கே சுவரில் எழுதி வைத்திருந்தார்கள்.

அடுக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபெடோராவிலேயே பின்னாளில் இன்னொரு கோடு போட்டார்கள். கணினி எழும்புவது, உள்நுழைவது, வலையமைப்பு, புதுப்பிப்பு போன்றவற்றுக்கு இன்றியமையாத பொதிகளுக்கு மட்டும் கூடுதல் கட்டுப்பாடு. அதைப் பராமரிப்பவர் ஊழியரா தன்னார்வலரா என்பது கணக்கில் இல்லை. கோரைத் தனியாக வைக்கச் சொன்னவர்களின் பயத்துக்கு, ஆட்களைப் பிரிக்காமலே பதில் கிடைத்தது. டெபியன் இயங்குதளத்திலும் பொதிகளின் முன்னுரிமை வரிசையில் எக்ஸ்ட்ரா என்று ஒரு படி இருந்தது. அது தேவையில்லை என்று 2017ல் விதியைத் திருத்தினார்கள்.

ஆனாலும் சொல் முழுதாகப் போய்விடவில்லை. ரெட் ஹேட்டின் வணிக இயங்குதளத்துக்காக ஃபெடோரா சமூகத்தினர் பராமரிக்கும் தொகுப்பின் பெயர் ஈபெல். அதன் முதல் எழுத்து இன்றும் எக்ஸ்ட்ரா என்பதைத்தான் குறிக்கிறது. அந்தப் பொதிகளை நம்பி ஓடும் சர்வர்களை நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன்.

கணினித் துறைக்கு வரும் மாணவிகளிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணைத்துவிட்டோம், இனி எல்லோரும் சமம் என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. ஃபெடோராவில் அது உண்மையான மாற்றம்தான். அது நடந்திராவிட்டால் பழைய கோர் பொதி எதையும் என்னால் தொட்டிருக்க முடியாது. ஆனால் அறிவிப்புக்கு மறுநாள் காலையில், திறந்து கிடக்கும் பதிவுகளை உட்கார்ந்து முடிக்கப்போவது யார், அவருக்கு அதற்கான நேரத்தைத் தரப்போவது யார் என்ற கேள்வி இருக்கிறது. அதை, அறிவிப்பு வருவதற்கு முந்தைய கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.