பேசாத ஆசான்

வகுப்பறையில் ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பர். மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் கூடத்திலோ, மேசைமீது கிடத்தப்பட்டிருக்கும் உயிரற்ற உடலே முதல் ஆசானாக விளங்குகிறது.

வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206 என்று நூல் கூறும். தசைகளையும் நரம்புகளையும் வண்ணப் படங்களில் வரைந்து காட்டும். பின்னர் உடல் எதற்கு என வினவலாம். பெருவிரலையும் சிறுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்றே மடக்கினால், அதன் நடுவே ஒரு தசைநாண் பலருக்குப் புடைத்துத் தோன்றும். சிலருக்கோ அது பிறவியிலேயே இல்லை. நூல் காட்டுவது பொது மனிதனை. மருத்துவர் காணவிருப்பது தனித்தனி மனிதரை. அவ்வேற்றுமையை உடலே கற்பிக்கிறது.

அவ்வுடல்கள் கிடைத்த வரலாறு பெருமைக்குரியதன்று. பிரிட்டனில் புதைகுழிகளைத் தோண்டிப் பிணங்களை விற்றோர் இருந்தனர். 1828இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர், உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்பதற்காக 16 பேரைக் கொன்றனர். 1832இல் சட்டம் பிறந்தது, திருட்டு ஒழிந்தது. ஆயினும் அச்சட்டத்தால் கல்லூரிகளை அடைந்தவை பெரும்பாலும் ஏழையர் விடுதிகளில் இறந்து, உரிமை கோர எவருமற்றுக் கிடந்த உடல்களே. உயிரோடிருந்தபோது அவர்தம் இசைவைக் கேட்டுப் பெறும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. மருத்துவக் கல்வி ஏழைக்குப் பட்ட கடன் இது.

கேளாமல் எடுத்த நிலை மாறி, மனமுவந்து அளிக்கும் நிலை பின்னர் வளர்ந்தது. தைவானின் ட்சூ சீ பல்கலைக்கழகம் காட்டிய வழியில், மலாயாப் பல்கலைக்கழகம் 2012இல் 'மௌன ஆசான்' எனப் பொருள்படும் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் உடலை அளிப்பவர் தம் வாழ்நாளிலேயே அம்முடிவைச் செய்கிறார். மாணவர் அவர்தம் குடும்பத்தாரைக் கண்டு, அவர் வாழ்ந்த வாழ்வைக் கேட்டறிகின்றனர். பயிற்சி முடிந்தபின் உரிய மரியாதையோடு விடைகொடுக்கின்றனர்.

பெயரையும் வாழ்வையும் அறிந்தபின் கத்தியேந்திய கை சற்றுத் தயங்கலாம். அத்தயக்கம் குறையன்று, தொடுவது ஒரு மனிதரை என்னும் உணர்வின் தொடக்கம் அது. தேர்வில் பெறும் மதிப்பெண் அந்த ஆசானுக்கு ஏற்ற காணிக்கையாகாது. பின்னாளில் மருத்துவமனைப் படுக்கையில், நலம் விசாரிக்க ஒருவருமின்றிக் கிடக்கும் ஏழையையும் அதே மதிப்போடு தொடுவதே அவருக்குச் செலுத்தும் காணிக்கை. பழைய கடனும் அவ்வாறே தீரும்.