ஹஸ்ரத்பாலில் ஒரு பெட்டி ஆப்பிள்

ஸ்ரீநகர் போய் வந்தேன் என்றால் தால் ஏரியையும் படகு வீட்டையும் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏரியைக் கண்டேன், அதன் அழகுக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும், அன்பு வாசகர்களே, உங்களை நான் அழைத்துச் செல்ல விரும்புவது வேறோர் இடத்துக்கு. ஹஸ்ரத்பால் பள்ளிவாசலிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு குறுகிய சந்து; அதில் ஒரு பழைய வீடு; அதன் மாடியில் ஓர் அறை. என் ராத்தாவின் மகன் அங்கே தங்கித்தான் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறான். மலப்புறத்து மாணவர் ஒருவரும் கார்கில் மாணவர் ஒருவரும் உடன் தங்கியிருக்கிறார்கள். மூவருக்கும் ஓர் ஒற்றை அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், இரண்டு பாத்திரங்கள். குளிர்சாதனப் பெட்டி கிடையாது.

நான் சென்றது 2025 செப்டம்பர் நடுவில். ரயிலில் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலத்தின் வழியே பள்ளத்தாக்குக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் இறுதியில் பெய்த பெருமழை அந்த ஆசையைக் கெடுத்துவிட்டது. ஜம்முப் பகுதியில் வெள்ளம்; ரயில்கள் பல ரத்து. மதரஸா ஆசிரியனின் சம்பளத்துக்கு ஒவ்வாத செலவு என்றாலும், டில்லியிலிருந்து விமானம் ஏறினேன். மழை என் பையைத்தான் பதம் பார்த்தது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அறைக்குள் நுழைந்ததும் ஆப்பிள் மணம் முகத்தில் மோதியது. மூலையில் பாப்ளர் பலகையால் அடித்த மரப்பெட்டி. உள்ளே வைக்கோல் மேல் பழங்கள். ஒரு பெட்டி ஏறத்தாழ 16 கிலோ பிடிக்கும். ஜன்னல் விளிம்பிலும், புத்தக அடுக்கிலும், கட்டிலுக்கு அடியிலும் ஆப்பிள்! நம் ஊரில் நோயாளியைக் காணப் போகும்போது அரைக் கிலோ வாங்குவோம். அதிலும் ஒன்றைக் குழந்தை கேட்டால் யோசிப்போம். நான் என்னை மறந்து, "மாஷா அல்லாஹ்! இவ்வளவு பழமா? யோகக்காரர்களடா நீங்கள்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

"மெல்லப் பேசுங்கள், மாமா. கீழே ஹாஜி ஸாஹிப் இருக்கிறார்" என்றான் மருமகன்.

பிறகுதான் செய்தியைச் சொன்னான். வீட்டுக்காரரான அந்த ஹாஜியாருக்குச் சோப்பூர்ப் பக்கம் பூர்விகத் தோட்டம் இருக்கிறது. ஆண்டின் வருமானம் முழுவதும் அதிலிருந்துதான். காஷ்மீரில் ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் டன் ஆப்பிள் விளைகிறது. அவற்றில் பெரும்பகுதி ஜம்மு நெடுஞ்சாலை வழியாகத்தான் லாரிகளில் வெளியேற வேண்டும். அந்தச் சாலை உதம்பூர் அருகே மலைச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டது. ஷோபியான் வழியாகச் செல்லும் முகல் சாலை குறுகலானது. அத்தனை வண்டிகளையும் அது தாங்காது. புல்வாமா மாவட்டத்து லாஸிபோராவில் பெரிய குளிர்பதனக் கிடங்குகள் உண்டு. விளைச்சலில் ஒரு பகுதிக்குத்தான் அங்கே இடம். காசிகுண்டில் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன. ஹாஜியாரின் பெட்டிகள் ஏறிய லாரியும் அங்கே நின்றது. பெட்டியின் அடியிலிருந்து சாறு வழிகிறது என்று ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னாராம்.

லாரியில் ஏற்ற வழியில்லாதவை, அடிபட்டவை, காற்றில் உதிர்ந்தவை எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. அண்டை அயலாருக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார் ஹாஜியார். மாணவர்கள் பணம் நீட்டியபோது, "அழுகப்போகும் பழத்துக்கு விலையா? சாப்பிடுங்கள், அதுவே எனக்கு விலை" என்று மறுத்துவிட்டாராம். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நான் யோகம் என்று கூவியது அவருடைய ஓராண்டு உழைப்பை அல்லவா!

ஆகவே அந்த அறையில் ஒரு தீர்மானம் இருந்தது: ஒரு பழத்தையும் வீணாக்குவதில்லை. ஆனால் 16 கிலோ பழத்தைக் கடித்தே தீர்க்க மூவரால் ஆகுமா? சமைக்கத்தான் வேண்டும். அவர்கள் கையாண்ட முறைகளை விரிவாகவே எழுதுகிறேன். விடுதியிலோ அறையிலோ தங்கிப் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு உதவக்கூடும்.

முதல் வேலை தரம் பிரிப்பது. கனிந்த ஆப்பிள் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடும். அது பக்கத்துப் பழங்களையும் விரைந்து கனியச் செய்யும். அடிபட்ட பழத்திலிருந்து அது இன்னும் மிகுதியாக வரும். எனவே நல்லவற்றைச் செய்தித்தாளில் தனித்தனியே சுற்றி நிழலில் வைத்தார்கள். அடிபட்டவற்றில் கன்றிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு அன்றே சமைத்தார்கள். பூஞ்சை பிடித்த பழத்தை மட்டும் முழுவதுமாக எறிந்துவிட வேண்டும், சிக்கனம் பார்க்கலாகாது. நறுக்கிய துண்டுகள் கறுக்காதிருக்க உப்புக் கலந்த தண்ணீர் போதும்.

காலை உணவுக்கு ஆப்பிள் மசியல். ஒரு கிலோ பழத்தைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டுகளாக்கி, அரை டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு பட்டையும் சேர்த்து மூடி, சிறு தீயில் 20 நிமிடம் வைத்தால் கரண்டியாலேயே மசிந்துவிடும். இனிப்பான பழத்துக்குச் சர்க்கரை வேண்டியதே இல்லை. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து திரும்பும்போது சந்து முனைத் தந்தூரில் கிர்தா ரொட்டி சுடச்சுட வாங்கி, அதில் இந்த மசியலைத் தடவி உண்பார்கள். உடன் உப்புத் தேநீர். அந்தத் தேநீரோடு எனக்கு இறுதிவரை சமாதானம் ஏற்படவில்லை. மசியலோடு முதல் நாளே ஏற்பட்டுவிட்டது. ரைஸ் குக்கரில் சோறு வேகும்போதே மேல்தட்டில், நடுவைக் குடைந்து உலர்திராட்சை அடைத்த ஆப்பிள்களை ஆவியில் வேகவைப்பது மலப்புறத்தாரின் கண்டுபிடிப்பு. எரிபொருள் செலவே இல்லை.

மதிய உணவில்தான் வியப்பு. காஷ்மீரியர் ஆப்பிளையும் கத்தரிக்காயையும் சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள்! ஆப்பிளுக்கு அவர்கள் மொழியில் சூண்ட், கத்தரிக்கு வாங்குன், குழம்பின் பெயர் சூண்ட் வாங்குன். ஹாஜியாரின் துணைவியாரே மாணவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிச் சற்று ஆறவிட வேண்டும். நீளக் கத்தரிக்காய் நான்கை நெடுக்காகப் பிளந்து வதக்கி எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தோல் சீவாத புளிப்பு ஆப்பிள் மூன்றை நான்காக அரிந்து வதக்க வேண்டும். பிறகு பூண்டு, காஷ்மீர் மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்புத்தூள், சுக்குத்தூள், உப்பு. ஒரு டம்ளர் தண்ணீர். கொதித்ததும் இரண்டையும் சேர்த்து, ஆப்பிள் குழையுமுன் இறக்கிவிட வேண்டும். சோற்றில் பிசைந்து உண்டபோது எனக்கு ஏதோ நினைவு வந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

"தால்ச்சா, மாமா" என்றான் மருமகன்.

உண்மைதான்! நம் வீட்டுக் கல்யாணங்களில் தால்ச்சாவில் கத்தரிக்காயும் மாங்காயும் போடுகிறோம் அல்லவா? மாங்காய் கிடைக்காத ஊரில் இவன் புளிப்பு ஆப்பிளைப் போட்டிருக்கிறான். மறுநாள் எனக்கும் செய்து காட்டினான். கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் சேர்த்து 150 கிராம், கால் கிலோ ஆட்டெலும்பு, கத்தரிக்காய் நான்கு, ஆப்பிள் இரண்டு. மாங்காய் போல ஆப்பிள் தாக்குப்பிடிக்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிண்ணம் கீழே சென்றது. சற்று நேரத்தில் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே நிறைய வால்நட். அந்த அம்மையாரின் தீர்ப்பு: பருப்பு அதிகம், ஆப்பிள் சரி.

இவ்வளவு செய்தும் பெட்டி பாதிதான் குறைந்தது. கீழ்வீட்டில் இன்னும் பல பெட்டிகள். அஸர் தொழுகைக்குப் பின் மூவரும் கத்தியோடு கீழே இறங்குவது வழக்கமாகியிருந்தது, நானும் சேர்ந்துகொண்டேன். குளிர்காலத்துக்காகக் காய்கறிகளை உலர்த்தி வைப்பது அந்நாட்டு மரபு. ஆப்பிளும் அதில் அடக்கம். பழத்தை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புத் தண்ணீரில் நனைத்து, நூலில் கோத்து, காற்றோட்டமான ஜன்னலில் தொங்கவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் தோல் போல் வளையும் பதம் வரும். கார்கில் மாணவரின் கை மின்னலாக ஓடியது. சர்க்கரைப் பாதாமியைப் பிளந்து கூரையில் உலர்த்தும் ஊர்க்காரர் அல்லவா! நான் அரிந்த வில்லைகள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தன. ஹாஜியார் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "மௌலவி ஸாஹிப் அரிந்தவை ரமழான் வரை காயாது" என்று உருதுவில் சொல்ல, அன்றுதான் அந்த வீட்டில் சிரிப்பொலியைக் கேட்டேன்.

இடையே அவருடைய தொலைபேசி ஒலிக்கும். அவர் எழுந்து வெளியே போவார். திரும்பி வரும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் அங்கிருந்த நாள்களில்தான் தோட்டக்காரர்கள் பழச்சந்தைகளை இரண்டு நாள் அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பட்காமிலிருந்து டில்லிக்கு ஆப்பிள் ஏற்றிச் செல்லும் ரயிலும் அப்போதுதான் தொடங்கியது. ஹாஜியாரின் பெட்டிகளோ ஏற்கெனவே லாரியில் இருந்தன.

நான் ஊர் திரும்பிய பிறகு மருமகன் செய்தி சொன்னான். லாரி டில்லி போய்ச் சேர்ந்ததாம். ஏறத்தாழ பாதிப் பெட்டிகளைக் கொட்டிவிட்டார்களாம்; மீதி விற்ற பணம் லாரி வாடகைக்கே சரியாகிவிட்டதாம். மாணவர்கள் தாமாகவே அடுத்த இரண்டு மாத வாடகையை முன்கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதை மட்டும் ஹாஜியார் மறுக்கவில்லை.

குளிர்கால விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தபோது, பையிலிருந்து இரண்டு ஆப்பிள் வில்லை மாலைகளை எடுத்து ராத்தாவின் கையில் கொடுத்தான். அந்த அம்மையார் கொடுத்தனுப்பியவை. ஒரு மாலையில் வில்லைகள் ஒரு பக்கம் தடித்திருந்தன. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நம் ஊர்க் கத்தரிக்காயோடு ராத்தா தால்ச்சாவில் போட்டார்கள்.