அம்மாவை பூடானுக்குக் கூட்டிட்டுப் போலாமா?

"டாக்டர், லீவுக்கு பூடான் போறோம். அம்மாவுக்கு சுகர், பிபி இருக்கு. கூட்டிட்டுப் போலாமா?"

ஒரே மாசத்துல மூணு பேர் இன்பாக்ஸ்ல இதே கேள்வி கேட்டுட்டாங்க. போன அக்டோபர் கடைசியில நான் என் அம்மாவைக் கூட்டிட்டுப் போய் வந்தேன். அம்மாவுக்கு 66 வயசு. சுகர் 14 வருஷமா இருக்கு, மூணு வருஷம் முன்னாடி ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கு. அதனால தனித்தனியா பதில் போடாம இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல நாட்டைப் பத்தி ரெண்டு வரி. தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்கு கூட இல்லாத நாடு. ஜனத்தொகை எட்டு லட்சத்துக்கும் கம்மி. வடக்கே திபெத், மத்த மூணு பக்கமும் இந்தியா. கடல் கிடையாது. ரயிலும் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. திபெத் பக்கம் வழி மூடியே கிடக்கு. ஆக, நீங்க உள்ள போறதுக்கு நிஜமா ரெண்டே வாசல்தான். வானத்துல பாரோ, தரையில புன்ட்ஷோலிங். தரையில வேற சில வாசல்கள் இருக்கு, ஆனா நம்ம ஊர் ஆட்கள் பெரும்பாலும் இந்த வழியாத்தான் போறாங்க.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேணும். கவனிங்க, ஆதார் செல்லாது. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க. ஒரு ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம் அரசுக்குக் கட்டணும். நம்ம ரூபாயும் அவங்க நுல்ட்ரமும் ஒண்ணுக்கு ஒண்ணு, அதனால கணக்குப் போடற தலைவலி இல்ல.

சரி, கேள்விக்கு வருவோம்.

உங்க அம்மா எத்தனை கிலோமீட்டர் போறாங்கங்கிறது எனக்கு முக்கியமில்ல. ராத்திரி எந்த உயரத்துல தூங்கறாங்கங்கிறதுதான் முக்கியம்.

நம்ம ஊர் கணக்குல சொன்னா சுலபமா புரியும். பாரோ விமான நிலையம் சுமார் 7,300 அடி. அதாவது ஊட்டி. திம்பு ஊட்டியை விடக் கொஞ்சம் மேல. புனாகா ஏற்காட்டை விடத் தாழ்வு. டோச்சுலா கணவாய் 10,000 அடிக்கு மேல, அதாவது தொட்டபெட்டா உச்சியையும் தாண்டி. செலெலா கணவாய் 13,000 அடி. அங்க காத்தழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற ஆக்ஸிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு கூட வராது.

மலை நோய்னு நாங்க சொல்றது பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல ஆரம்பிக்கும். தலைவலி, குமட்டல், தூக்கம் வராம புரளறது, சாப்பாடு பிடிக்காம போறது. சென்னையில இருந்து ஊட்டி போய் ரெண்டு நாள் தங்கி ஒண்ணும் ஆகாத அம்மாவுக்கு, பாரோவுலயும் திம்புவுலயும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பயம் அதுக்கு மேலதான்.

பிளேன்ல போறதா, ரோட்டுல போறதா?

"ரோட்டுல போனா உடம்பு மெதுவா பழகும்ல டாக்டர்?" னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான், ஆனா அந்த அளவுக்கு உதவாது. புன்ட்ஷோலிங் அடிவாரம், அங்கிருந்து திம்பு சுமார் 150 கிலோமீட்டர், அஞ்சாறு மணி நேரம். காலையில கிளம்பினா சாயங்காலம் ஊட்டி உயரத்துக்கு மேல வந்துடுவீங்க. ஒரே நாள்ல உடம்பு பழகிடாது. முதல் ரெண்டு நாள் அமைதியா இருந்தா பிளேனும் சரி, ரோடும் சரி. ரோட்டுல கூடுதலா கிடைக்கிறது வளைவும் வாந்தியும்தான். முழங்கால் வலி, பிராஸ்டேட், அடிக்கடி பாத்ரூம்னு இருக்கிற பெரியவங்களை நான் பிளேன்லதான் ஏத்துவேன்.

ஆனா அந்த பிளேன் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பாரோ ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. சுத்தி 18,000 அடி வரைக்கும் சிகரங்கள். ஓடுபாதை ரெண்டேகால் கிலோமீட்டர்தான். பைலட் மலைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு கண்ணால பார்த்து இறக்கணும். அதுக்குனு தனிப் பயிற்சி எடுத்தவங்க மட்டும்தான் இறக்க முடியும். பகல்ல மட்டும்தான். மதியத்துக்கு மேல பள்ளத்தாக்குல காத்து ஏறிடும், அதனால பெரும்பாலும் காலையிலேயே முடிச்சுடப் பார்ப்பாங்க. 1983-ல ட்ரூக் ஏர் இதே பாரோ-கொல்கத்தா வழியிலதான் ஒரு குட்டி டோர்னியர் விமானத்தை வச்சு ஆரம்பிச்சாங்க.

இதனால உங்களுக்கு என்ன? மேகம் மூடினா பிளேன் காத்திருக்கும். திரும்பும்போது கொல்கத்தாவுல இருந்து சென்னைக்கு அதே நாள் டிக்கெட் போடாதீங்க. ஒரு ராத்திரி இடைவெளி விடுங்க. எங்க பிளேன் கொல்கத்தாவுல இருந்து கிளம்பவே ரெண்டரை மணி நேரம் தாமதம். பாரோவுல மேகம்னாங்க.

அந்த ரெண்டரை மணி நேரத்துலதான் அவங்களைப் பார்த்தேன்.

எங்க எதிர் இருக்கையில ஒரு பூடான் தம்பதி. அவருக்கு நாப்பதுக்குள்ள இருக்கும். முகத்துல மாஸ்க், மடியில ஒரு தடிமனான ஃபைல். அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு எங்களையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "சாப்டாச்சா அம்மா?"

அம்மா பிஸ்கட்டைக் கீழ போட்டுட்டாங்க.

வேலூர். எட்டு மாசம் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்ல தங்கியிருந்திருக்காங்க. தண்ணி, வலிக்குதா, எவ்வளவு, நாளைக்கு வாங்க, இவ்வளவுதான் அந்தப் பொண்ணோட தமிழ். மிச்சம் ஹிந்தியில பேசிக்கிட்டோம். அவருக்கு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. கொடுத்தது அந்தப் பொண்ணுதான்.

பூடான்ல வைத்தியம் இலவசம். அடிப்படைச் சிகிச்சை இலவசமா தரணும்னு 2008 அரசியலமைப்புலயே எழுதி வச்சிருக்காங்க. திம்பு பெரிய ஆஸ்பத்திரியில செய்ய முடியாத சிகிச்சைக்கு அரசு செலவுல இந்தியாவுக்கு அனுப்பறாங்க. பெரும்பாலும் கொல்கத்தா, இல்லைனா வேலூர் சி.எம்.சி. நம்ம காட்பாடி ஸ்டேஷன்ல நீங்க பார்த்திருப்பீங்க, நேபாளினு நினைச்சிருப்பீங்க.

அவங்க ஊர் கிழக்கே திராஷிகாங் பக்கம். திம்புல இருந்து 550 கிலோமீட்டர். நம்ம ஊர்ல சென்னை-கன்னியாகுமரி தூரம் கூட இல்ல. ஆனா அங்க ரெண்டு நாள் பயணம். நடுவுல கணவாய் மேல கணவாய். கிழக்கே யோங்புலாவுல சின்ன விமான தளம் இருக்கு, உள்நாட்டு பிளேன் போகும். ஆனா அதுவும் மேகம் விட்டாத்தான். வரும்போது அதுல இடம் போட்டு, பிளேன் போகாம, கார்லதான் வந்தாங்களாம்.

எனக்கு உடனே தோணின கேள்வி மாத்திரை பத்திதான். மாற்றுச் சிறுநீரகம் வச்சவங்களுக்கு டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகள் நேரம் தவறாம உள்ள போகணும். விட்டா உடம்பு அந்தச் சிறுநீரகத்தை எதிரியா பார்க்க ஆரம்பிச்சுடும். மழைக்காலத்துல அந்த ரோடு மண்சரிவுல நாள் கணக்குல நிக்கும். "ரோடு அடைச்சா என்ன பண்ணுவீங்க?" னு கேட்டேன். அந்தப் பொண்ணு கைப்பையைத் திறந்து காட்டுச்சு. ரெண்டு டப்பா. ஒண்ணு நடப்பு மாசத்துக்கு. இன்னொண்ணு தொடாத ஒரு மாசம், டேப் ஒட்டி வச்சிருக்கு. அதைத் திறக்க வேண்டி வந்தா, அன்னைக்கே அடுத்த டப்பாவுக்கு திம்புக்கு ஆள் சொல்லி அனுப்பணும்னு அவங்க வீட்டுச் சட்டமாம்.

என் ஓபியில சுகர் மாத்திரை தீர்ந்து நாலு நாள் கழிச்சு வர்றவங்க முகமெல்லாம் வரிசையா வந்து போச்சு. அவங்களுக்கு ஆஸ்பத்திரி மூணு கிலோமீட்டர்.

அதனால ஊர் சுத்தப் போற உங்களுக்கும் இதையே சொல்றேன். எத்தனை நாள் பயணமோ, அதுக்கு மேல ஒரு வாரத்துக்கு மாத்திரை கையில இருக்கட்டும். செக்-இன் பெட்டியில போடாதீங்க, கைப்பையில வைங்க. இன்சுலின் கண்டிப்பா கைப்பையில. குளிர்ல உறைஞ்சா அது வீண், கொட்டிட வேண்டியதுதான். ராத்திரி ஜன்னலோரம் வைக்காதீங்க.

உள்ளே சுத்தறதுக்கு டாக்ஸிதான் வசதி. ஊருக்கு ஊர் பஸ் இருக்கு, ஷேர் டாக்ஸியும் இருக்கு, ஆனா பெரியவங்களோட போனா நினைச்ச இடத்துல நிறுத்தற வண்டி வேணும். டிரைவர்கள் ஹாரன் அடிக்க மாட்டாங்க, அவசரப்பட மாட்டாங்க. திம்பு தலைநகரம், ஆனா ஒரு சிக்னல் லைட் கிடையாது. வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நடனம் மாதிரி கை காட்டறார். அம்மா அதைப் பத்து நிமிஷம் நின்னு பார்த்தாங்க.

வாந்தி வர்றவங்க முன் சீட்ல உக்காருங்க, போனைப் பார்க்காதீங்க, வெறும் வயித்துலயும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். வாந்தி மாத்திரை கிளம்பறதுக்கு முன்னாடி போடணும், வந்த பிறகு போட்டா பாதிதான் பலன்.

நாங்க போன வரிசை இது. முதல் ரெண்டு ராத்திரி திம்பு. அப்புறம் டோச்சுலா தாண்டி புனாகா, அங்க ரெண்டு ராத்திரி. கடைசியா பாரோ. டோச்சுலா உயரம்தான், ஆனா அங்க தூங்கப் போறதில்ல. 108 ஸ்தூபியைச் சுத்திட்டு, ஒரு டீ குடிச்சுட்டு, மறுபக்கம் இறங்கி கதகதப்பான புனாகாவுல படுத்துடறோம். பெரியவங்களுக்கு இந்த வரிசை நல்லது.

திம்புல முதல் ராத்திரி அம்மாவுக்குத் தலைவலி. பிபி பார்த்தேன், சுகர் பார்த்தேன், விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டினேன், எல்லாம் சரியா இருந்தது. ஒரு பாராசிட்டமால், நிறைய தண்ணி, மறுநாள் முழுக்க ஊர்லயே மெதுவா சுத்தினோம். போயிடுச்சு. சட்டம் இதுதான்: தலைவலி இருக்கும்போது மேல ஏறக் கூடாது. ஓய்வு எடுத்தும் கூடினா கீழ இறங்கணும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.

டயமாக்ஸ் மாத்திரையை எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. பாரோ, திம்பு, புனாகானு போறவங்கள்ல நிறைய பேருக்கு அது தேவையே இல்ல. சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்களும் சிறுநீரகம் பழுதானவங்களும் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.

செலெலா போகல. அந்த ஸ்டென்டை வச்சுக்கிட்டு 13,000 அடி வேண்டாம்னு கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு, அந்தக் கொடி கட்டின மலையைக் காட்ட மாட்டேங்கறியே" னு அம்மா ஒரு நாள் முழுக்க எங்கிட்ட பேசல. புலிக்கூடு மடாலமும் 10,000 அடிதான், ஆனா அது நடந்து ஏறணும். அதை அடிவாரத்துல இருந்து பார்த்தாங்க. உங்க வீட்லயும் இந்தச் சண்டை வரும், வரட்டும்.

மாரடைப்பு வந்து சில மாசமே ஆனவங்க, இதயம் பலவீனமா இருக்கிறவங்க, வீட்ல ஆக்ஸிஜன் வச்சிருக்கிறவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கிறவங்க, இவங்க யாரும் என் பதிவைப் படிச்சு முடிவெடுக்காதீங்க. உங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட நேர்ல கேளுங்க. அந்த மலைகள்ல ராத்திரி நெஞ்சு வலிச்சா ஆம்புலன்ஸும் அதே வளைவுலதான் வரணும். நோயாளியைத் தூக்க 2015-ல இருந்து ஹெலிகாப்டர் சேவை இருக்கு, ஆனா அதுக்கும் வெளிச்சம் வேணும், மேகம் விலகணும்.

திரும்பும்போது ரோட்டுல இறங்கினோம். அம்மாவுக்குத்தான் அந்த ரோட்டைப் பார்க்க ஆசை. அது 1961-ல நம்ம ஆட்கள் போட ஆரம்பிச்ச ரோடு. அதுக்கு முன்னாடி மோட்டார் போற ரோடே கிடையாது. 1958-ல நேரு பிரதமரா பூடான் போனப்ப, சிக்கிம் போய், நாதுலா ஏறி, திபெத்துக்குள்ள இறங்கி, குதிரை மேல பாரோ வந்து சேர்ந்தார், கூட இந்திரா காந்தி.

அடிவாரத்துல புன்ட்ஷோலிங். அங்க ஒரு மளிகைக் கடையில உப்பு பாக்கெட்டைப் பார்த்து நின்னேன், எங்க பாடத்துல வர்ற சமாச்சாரம் அது. மலை மண்ணுல அயோடின் இருக்காது, கடல் மீன் கிடையாது. 1983-ல எடுத்த ஆய்வுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேருக்குக் கழுத்துக் கழலை. அயோடின் இல்லாத தாய்க்குப் பிறக்கிற குழந்தையோட மூளையே வளராம போகும். முன்னெல்லாம் உப்பு திபெத்துல இருந்து வந்தது. அந்தப் பாதை மூடின பிறகு இந்தியாவுல இருந்து, இந்த வாசல் வழியா. 1985-ல வாசல்லயே ஒரு ஆலை வச்சாங்க. உள்ள போற உப்புல அயோடின் கலந்துதான் மலை ஏறும். 2003-ல அயோடின் குறைபாட்டை ஒழிச்சாச்சுனு அறிவிச்சாங்க.

கேட்டுக்கு இந்தப் பக்கம் ஜெய்காவ். ஒரு அடி தாண்டினதும் ஹாரன் சத்தம் ஆரம்பிச்சுடும். ரயிலுக்கு ஹாசிமாரா போகணும், பக்கம்தான், ஆனா ஜெய்காவ் நெரிசலை நம்பாதீங்க, ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி மாத்திரை மட்டும் கேக்காதீங்க.